293318625600: ராமானுஜன் அட்டவணையில் இடம்பெறாமல் போன எண்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பள்ளியொன்றில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. தம்மைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிக எண்களால் மிச்சமின்றி வகுபடும் உயர் பகு எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட கட்டுரையின் அட்டவணையில் 293318625600 என்ற எண் விடுபட்டிருக்கிறது என்கிறார்கள். அந்த எண்ணின் பண்புகள் யாவை, அது எந்தெந்த வகைகளில் சேரும், எவற்றில் சேராது, அது அட்டவணைக்கு உரியதுதான் என்பதைக் கணினியின் துணையில்லாமல் கரும்பலகையில் காட்ட முடியுமா, நம் பக்கத்துப் பழைய மா, காணி, முந்திரி என்னும் பின்னக் கணக்கில் அது மிச்சமின்றி வகுபடுமா என்று நான்கு பகுதிகளாகக் கேட்டிருக்கிறார். நான்குக்கும் பதில் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் கூடுதல் இடம் தேவைப்படும்.

எண்ணை வாய்விட்டுப் படித்தால் இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தைந்தாயிரத்து அறுநூறு. பன்னிரண்டு இலக்கம். இதைப் பகாக் காரணிப்படுத்தினால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 என்று வரும். 2 முதல் 19 வரையுள்ள எட்டுப் பகா எண்களில் ஒன்றுகூட விடுபடாமல் இருப்பதும், அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று ஓரிடத்திலும் ஏறாமல் இறங்கியோ சமமாகவோ செல்வதும் தற்செயல் அல்ல. அவற்றுக்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். பள்ளிப் புத்தகம் காரணிகள் என்று அழைப்பதைப் பகாக் காரணிகளோடு குழம்பாமல் இருப்பதற்காக வகுத்திகள் என்றே எழுதுகிறேன். ஒரு எண்ணின் வகுத்திகள் எத்தனை என்று அறிய, ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டி அவற்றையெல்லாம் பெருக்க வேண்டும் என்பது நீங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான். அதன்படி 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அதாவது 5040 வகுத்திகள் இந்த எண்ணுக்கு உண்டு.

உயர் பகு எண் என்பதன் வரையறை எளியது. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு அதிகமான வகுத்திகளைக் கொண்ட எண்ணே உயர் பகு எண். 12-க்கு ஆறு வகுத்திகள் உண்டு. 1 முதல் 11 வரை எந்த எண்ணுக்கும் ஆறு இல்லை. ஆகவே 12 உயர் பகு எண். நெல் அளவையில் ஒரு கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால் என்று வைத்தவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு கலத்தை இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பங்காகப் பிரித்தாலும் மரக்கால் உடையவில்லை என்பது களத்து மேட்டில் தெரிந்திருந்தது. 24, 36, 48, 60, 120 ஆகியவையும் இந்த இனத்தவையே. எண்கள் பெரிதாகப் பெரிதாக இவை மிக அரிதாகி விடுகின்றன. நம் எண்ணுக்கு முந்தைய உயர் பகு எண் 240940299600, அதற்கு 4800 வகுத்திகள். அடுத்தது 321253732800, அதற்கு 5376. இடையே ஏறத்தாழ எட்டாயிரம் கோடி எண்கள் இருக்க, 293318625600 ஒன்று மட்டுமே இந்தத் தகுதியைப் பெறுகிறது.

இனத்துக்குப் பெயர் வைத்து, அதன் இலக்கணத்தை முழுமையாக ஆராய்ந்தவர் ராமானுஜன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்து, டவுன் உயர்நிலைப் பள்ளியிலும் காவிரிக் கரையில் இருக்கும் அரசுக் கல்லூரியிலும் படித்த அவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். மறு ஆண்டே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த நீண்ட கட்டுரை வெளியாயிற்று. 1916 மார்ச்சில் அவருக்கு ஆராய்ச்சி வழியாகப் பட்டம் கிடைத்ததும் இதைக் கொண்டுதான். கட்டுரையில் 6746328388800 வரையிலான உயர் பகு எண்கள் 102-ஐ அவர் பட்டியலிட்டார். அந்த எல்லைக்குள் வந்திருக்க வேண்டிய 293318625600 மட்டும் அதில் இல்லை. இதனால் கட்டுரையின் எந்தத் தேற்றத்துக்கும் பழுதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தேற்றங்கள் பொதுவாக நிறுவப்பட்டவை. அட்டவணை அவற்றுக்கு எடுத்துக்காட்டு மட்டுமே. கையால் போட்ட பன்னிரண்டு, பதின்மூன்று இலக்கக் கணக்குகளில் ஒன்று விடுபட்டதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுவோரையும், விடுபட்டதே ஒரு மர்மம் என்று கதை கட்டுவோரையும் ஒதுக்கிவிட்டு, எண்ணைப் பார்ப்பதே நல்லது.

இனி உங்கள் மூன்றாவது கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனெனில் அதற்கான விடையில்தான் இந்த எண்ணின் குணம் தெளிவாகத் தெரிகிறது. உயர் பகு எண் எதுவானாலும் அதன் பகாக் காரணிகள் 2-இல் தொடங்கி இடைவெளியின்றி வர வேண்டும். அடுக்குகள் ஏறக் கூடாது. நிரூபணம் இரண்டு வரி: பெரிய பகா எண்ணுக்குப் பெரிய அடுக்கும் சிறிய பகா எண்ணுக்குச் சிறிய அடுக்கும் இருந்தால், அடுக்குகளை இடம் மாற்றி வைத்த உடனே வகுத்திகளின் எண்ணிக்கை மாறாமல் எண் மட்டும் சிறியதாகி விடும், அப்போது பழைய எண் உயர் பகு எண்ணாக இருக்க முடியாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1-தான், விலக்கு 4-ம் 36-ம் மட்டுமே என்பதையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார். இந்த இலக்கணம் தேட வேண்டிய இடத்தைச் சிறிதாக்கி விடுகிறது.

நம் எண்ணைவிடச் சிறிய எண் ஒன்றுக்கு 5040 அல்லது அதற்கு மேல் வகுத்திகள் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசிப் பகா எண் 23 என்றால், 11, 13, 17, 19, 23 ஆகிய ஐந்தின் பெருக்கற்பலன் 1062347. நம் எண்ணை இதனால் வகுத்தால் 276104-க்குச் சற்றே மேல் வரும். ஆகவே 2, 3, 5, 7 ஆகியவற்றால் மட்டும் ஆன மீதிப் பகுதி 276104-ஐத் தாண்டக் கூடாது. ஐந்து பகா எண்களும் வகுத்திகளின் எண்ணிக்கையை 32 மடங்காக்குகின்றன. 5040-ஐ எட்ட, மீதிப் பகுதிக்குக் குறைந்தது 158 வகுத்திகள் வேண்டும். மாணவர்களை விட்டுத் தேடச் சொல்லுங்கள்: 7 ஒருமுறை வருவதாக, இருமுறை வருவதாக என்று பிரித்துக்கொண்டு போனால் ஒரு பாடவேளைக்குள் முடியும் வேலை. அந்த எல்லைக்குள் மிக அதிக வகுத்திகள் பெறுவது 226800, அதாவது 2⁴ × 3⁴ × 5² × 7. அதற்கு 150 வகுத்திகள். 158-ஐ எட்டவில்லை. சுவையான செய்தி என்னவென்றால், இந்த 226800-ஐ 1062347-ஆல் பெருக்கினால் வருவது 240940299600. நாம் மேலே பார்த்த முந்தைய உயர் பகு எண்ணே அதுதான்.

கடைசிப் பகா எண் 29 என்று வைத்தால், மீதிப் பகுதி 9520-க்குள் அடங்கி 79 வகுத்திகளாவது பெற வேண்டும். அங்கே கிடைக்கும் அதிகபட்சம் 7560-இன் 64 மட்டுமே. கடைசிப் பகா எண் 19 என்றால், 11 × 13 × 17 × 19 = 46189; மீதிப் பகுதி 6350400-ஐவிடச் சிறியதாக இருந்து 315 வகுத்திகள் பெற வேண்டும்; 288-க்கு மேல் எதுவும் தேறாது. 6350400-ஐத் தொட்டால்தான் 315 கிடைக்கிறது, அதைத் தொட்டால் நம் எண்ணே வந்துவிடுகிறது. 17-இலேயே நின்றாலும், 31-வரை போனாலும், 11-ஐ இருமுறை சேர்த்தாலும் பற்றாக்குறை இன்னும் பெரிது. ஆகவே 293318625600 உயர் பகு எண்ணே, அட்டவணைக்கு உரியதே. இதில் எங்கும் கால்குலேட்டருக்கு மேற்பட்ட கருவி தேவைப்படவில்லை.

மேலே வந்த 6350400 என்பதைச் சற்று நின்று பாருங்கள். அது 2520-இன் வர்க்கம். ஆகவே நம் எண்ணை 2520² × 11 × 13 × 17 × 19 என்றும் எழுதலாம். 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் வகுபடும் மிகச் சிறிய எண். நம் எண்ணோ 1 முதல் 22 வரை எதனாலும் மிச்சமின்றி வகுபடும். முதன்முதலாக மறுப்பது 23. 1 முதல் 22 வரையுள்ளவற்றின் மீச்சிறு பொது மடங்கு 232792560. அதன் சரியாக 1260 மடங்குதான் நம் எண். 5040 வகுத்திகளையும் ஒன்றோடொன்று பெருக்கினால் இந்த எண் வருமாறு சோடி சேர்த்தால் 2520 சோடிகள் கிடைக்கும். ஒவ்வொரு சோடியிலும் சிறியது 541588-க்குள்ளும் பெரியது 541589-இலிருந்தும் இருக்கும், ஏனெனில் எண்ணின் வர்க்கமூலம் அந்த இரண்டுக்கும் இடையில் விழுகிறது. 2520 இரண்டு இடங்களிலும் வருவதற்கு ஆழமான காரணம் ஏதுமில்லை. ஆனால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள்.

அட்டவணையில் இதன் அக்கம்பக்கத்தைப் பார்ப்பதும் பயன் தரும். உயர் பகு எண்களில் 23 முதன்முதலாக நுழைவது 64250746560-இல். அதற்கு அடுத்த 73329656400 மீண்டும் 19-இலேயே நின்றுவிடுகிறது. 80313433200-இல் 23 உண்டு, 97772875200-இல் இல்லை, 128501493120-இல் உண்டு, 146659312800-இல் இல்லை. அதன் பிறகு 160626866400, 240940299600 ஆகிய இரண்டிலும் தொடர்ந்து 23 வந்து, இனி அது நிலைத்துவிட்டது என்று தோன்றும் இடத்தில், 23 இல்லாத நம் எண் குறுக்கே வருகிறது. அட்டவணையில் இதற்குப் பின் வரும் எல்லா எண்களிலும் 23 உண்டு. 19-ஓடு முடியும் உயர் பகு எண்களில் அட்டவணைக்குள் கடைசியானது இதுவே. இதன் உறவினர்கள் மட்டும் அட்டவணையில் பத்திரமாக இருக்கிறார்கள்: நம் எண்ணை 2, 3, 4, 6, 7 ஆகியவற்றால் தனித்தனியே வகுத்தால் வரும் 146659312800, 97772875200, 73329656400, 48886437600, 41902660800 ஆகிய ஐந்தும் உயர் பகு எண்களே. இதை 23-ஆல் பெருக்கினால் வருவது 6746328388800. ராமானுஜன் அட்டவணையின் கடைசி எண். பத்தாயிரத்து எண்பது வகுத்திகள் கொண்ட அந்தக் கடைசி எண்ணைக் கணித்து எழுதியவரின் அட்டவணையில் அதன் இருபத்து மூன்றில் ஒரு பங்கு இல்லை.

உயர் பகு எண்களுக்குள்ளேயே ராமானுஜன் இன்னும் கடுமையான ஓர் உள்வகையைப் பிரித்தார். அதை மேல்நிலை உயர் பகு எண்கள் எனலாம். நம் எண் அதில் சேராது, சேராததற்கான காரணம்தான் இந்தப் பதிலின் மையம் என்று நான் நினைக்கிறேன். ஒரு எண்ணை ஒரு பகா எண்ணால் பெருக்கும்போது எண் பெரிதாகிறது, அது செலவு; வகுத்திகள் கூடுகின்றன, அது வரவு. வரவின் மடக்கையைச் செலவின் மடக்கையால் வகுத்தால் அந்தப் பெருக்கல் எவ்வளவு இலாபமானது என்று தெரியும். எந்தப் பெருக்கல் அதிக இலாபமோ அதை முதலிலும், அடுத்ததை அடுத்தும் என்று கண்டிப்பாக வரிசை தவறாமல் சேர்த்துக்கொண்டே போனால் கிடைப்பவையே மேல்நிலை எண்கள். அப்படிக் கிடைக்கும் ஒன்று 13967553600, அதாவது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19. அதற்கு 2688 வகுத்திகள்.

இந்த இடத்திலிருந்து அடுத்து எதைச் சேர்க்கலாம்? 23-ஐப் புதிதாகச் சேர்த்தால் வகுத்திகள் இரட்டிக்கும். 2-இன் மடக்கையை 23-இன் மடக்கையால் வகுத்தால் 0.2211. 7-ஐ இரண்டாவது முறை சேர்த்தால் வகுத்திகள் ஒன்றரை மடங்காகும்; இலாபம் 0.2084. 29-ஐச் சேர்த்தால் 0.2058. 3-ஐ நான்காவது முறை சேர்த்தால் வகுத்திகள் ஒன்றேகால் மடங்கு, 0.2031. ஆகவே சரியான வரிசை 23, 7, 29, 3. நம் எண்ணோ 13967553600-ஐ 21-ஆல், அதாவது 7-ஆலும் 3-ஆலும் பெருக்கி வந்தது. முறை வைத்து நீர் பாய்ச்சும் வாய்க்காலில் முதல் முறைக்காரர் மடை திறக்குமுன் இரண்டாமவரும் நான்காமவரும் பாய்ச்சிக்கொண்டதைப் போன்ற கணக்கு இது. வரிசைப்படி 23-ஆல் பெருக்கியிருந்தால் 321253732800 வந்திருக்கும். அது மேல்நிலை எண், அட்டவணையில் நம் எண்ணுக்கு அடுத்தது. 21-ஆல் பெருக்கும்போது வகுத்திகள் 1.875 மடங்காகின்றன, 23-ஆல் பெருக்கும்போது 2 மடங்கு. 21 சற்றே சிறியது என்பதால் மட்டுமே நம் எண் முந்திக்கொண்டு ஓர் இடம் பிடிக்கிறது. இலாப வரிசையில் தோற்றும் உயர் பகு எண்ணாகத் தப்பிப் பிழைக்கும் எண்கள் பல உண்டு. ஆனால் வரிசை மீறியது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் எடுத்துக்காட்டு வகுப்பறைக்கு எளிதில் கிடைக்காது. இரண்டையும் செய்து, 13967553600-ஐ 21-ஆலும் 23-ஆலும் பெருக்கினால், மறுபடியும் 6746328388800.

வகுத்திகளை எண்ணுவதை விட்டுவிட்டு அவற்றைக் கூட்டினால் வேறு வகைப்பாடுகள் வருகின்றன. நம் எண்ணின் எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20, அதாவது 1642243014720. எண்ணையே நீக்கிவிட்டு மற்ற வகுத்திகளை மட்டும் கூட்டினாலும் 1348924389120 வருகிறது. எண்ணைவிட நான்கரை மடங்குக்கு மேல். ஆகவே இது மிகையெண். இதில் வியப்பில்லை, 6-இன் மடங்காகவும் 6-ஐவிடப் பெரியதாகவும் உள்ள எந்த எண்ணும் மிகையெண்ணே. கேட்க வேண்டிய கேள்வி, கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்து வரும் விகிதத்தில் இது தனக்கு முந்திய எல்லாவற்றையும் வெல்கிறதா என்பதே. வெல்லும் எண்களை மீமிகையெண்கள் எனலாம். நம் எண்ணின் விகிதம் 5.5988. ஆனால் இதைவிடச் சிறியதான 160626866400-இன் விகிதம் 5.6475. ஆகவே நம் எண் மீமிகையெண் அல்ல. அந்தச் சிறிய எண்ணில் 23 இருக்கிறது, நம்மிடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். வகுத்திகளின் எண்ணிக்கையில் ஒருவாறு ஈடுகட்டப்பட்ட குறை, கூட்டுத்தொகையில் வெளிப்பட்டு விடுகிறது. உயர் பகு எண், மீமிகையெண் என்ற இரண்டு தகுதிகளையும் ஒருங்கே பெற்ற எண்கள் மொத்தம் 449 மட்டுமே. இரண்டு வரிசைகளும் முடிவின்றிச் செல்பவை. பொதுவான உறுப்பினர்கள் மட்டும் ஓரிடத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இந்தக் கூட்டுத்தொகை ஆராய்ச்சியும் ராமானுஜனுக்குத் தெரியாததல்ல. அப்போது லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்ததால் 1915-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமல் நிறுத்தப்பட்டது. வகுத்திகளின் கூட்டுத்தொகை பற்றிய முடிவுகள் அந்தப் பகுதியில் இருந்தன. 1944-இல் அலாவுக்லு, எர்டிஷ் ஆகிய இரு கணிதவியலாளர்களும் மீமிகையெண்களைத் தனியாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். ராமானுஜனின் அச்சேறாப் பகுதி 1997-இல்தான் ஜான்-லூயி நிக்கோலா, கி ரோபென் ஆகியோரின் குறிப்புகளுடன் வெளிவந்தது. அந்த ரோபென் 1984-இல் நிறுவிய தேற்றம் ஒன்று இங்கே பொருந்தும். 5040-ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணுக்கும், மேலே சொன்ன விகிதம், எண்ணின் இயல் மடக்கைக்கு மறுபடி இயல் மடக்கை கண்டு 1.78107-ஆல் பெருக்கி வரும் தொகையைவிடக் குறைவாகவே இருக்கும் என்று காட்டிவிட்டால், பகா எண்களின் பரவலைப் பற்றிய, இன்னும் நிரூபிக்கப்படாத ரீமன் கருதுகோள் உண்மையாகிவிடும்; மறுதலையும் உண்மை. நம் எண்ணுக்கு அந்த எல்லை 5.8304, விகிதம் 5.5988, கட்டுக்குள் இருக்கிறது. 5040 இங்கே எல்லைக்கல்லாகவும், நம் எண்ணின் வகுத்திகளின் எண்ணிக்கையாகவும் வருவது தற்செயல்தான்.

சிறு வகைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இதைவிடச் சிறிய எந்த நேர்ம முழு எண்ணையும் இதன் வெவ்வேறு வகுத்திகளின் கூட்டலாக எழுத முடியும். இத்தகையவற்றை பிராக்டிகல் எண்கள் என்பார்கள். வகுத்திகளின் எண்ணிக்கையான 5040-ஆலேயே இந்த எண் வகுபடுகிறது, ஈவு 58198140. அந்த வகையில் இது டௌ எண். இதனோடு பொதுக் காரணி இல்லாத, இதைவிடச் சிறிய எண்கள் 50164531200. நூற்றுக்குப் பதினேழுக்குச் சற்று மேல். வர்க்க எண் அல்ல, கன எண் அல்ல, 1 × 2 × 3 × … என்று வரும் தொடர்பெருக்கமும் அல்ல. 2 முதல் 19 வரையுள்ள பகா எண்களின் பெருக்கற்பலனான 9699690-ஆல் வகுத்தால் 30240 கிடைக்கும். தன் வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைப் போல் சரியாக நான்கு மடங்காக வரும் மிகச் சிறிய எண் அதுவே, 1638-இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட் கண்டது. இலக்கங்களைக் கூட்டினால் 45, அதனால் எண் வகுபடும்; ஆகவே தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் காப்ரேக்கர் பெயரிட்ட ஹர்ஷத் எண்களிலும் இது சேர்கிறது. ஆனால் இலக்கங்களைச் சார்ந்த பண்பு பத்தடிமான முறையை மாற்றினால் மாறிவிடக் கூடியது. எண்ணின் உள்ளமைப்பைப் பேசும் பண்புகளோடு அதை ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. போட்டித் தேர்வுக் கையேடுகள் இதைத்தான் முதலில் போடுகின்றன.

கடைசியாக மா, காணிக் கணக்கு. தஞ்சைப் பக்கத்தில் ஒரு வேலி என்பது இருபது மா. பின்னமாகச் சொன்னால் மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நில அளவு சொல்லும் இடங்களில் இந்தப் பெயர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 320 என்பது 2⁶ × 5. நம் எண்ணில் 2⁶ சரியாக இருக்கிறது. ஆகவே இதன் ஒரு மா 14665931280, ஒரு காணி 3666482820, ஒரு முந்திரி 916620705, எதிலும் மிச்சமில்லை. முந்திரிப் பங்கு ஒற்றைப்படையாக முடிந்திருப்பதைக் கவனியுங்கள். இருந்த ஆறு இரண்டுகளும் முந்திரியோடு தீர்ந்துவிட்டன, அரை முந்திரியே முழு எண்ணாக வராது. முந்திரியின் முந்திரியான கீழ்முந்திரி 102400-இல் ஒன்று, அதாவது 2¹² × 5². ஐந்துகள் போதும், இரண்டுகள் ஆறு குறைகின்றன. கீழ்முந்திரிவரை மிச்சமின்றி வர வேண்டுமென்றால் எண்ணை 64-ஆல் பெருக்கி 18772392038400 ஆக்க வேண்டும். அப்படி ஆக்கினால் அதற்கு 9360 வகுத்திகள் கிடைக்கும். ஆனால் அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இருக்கும் 6746328388800-க்கு 10080 உண்டு. கீழ்முந்திரிக்குப் பொருந்தும் அந்த எண் உயர் பகு எண்ணாக இருக்காது.